ரைசர் வேலைக்கு அபர்டீன் வரும் தம்பிக்கு

தம்பி, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஃபிளெக்ஸிபிள் ரைசர் குழுவில் வேலை கிடைத்திருக்கிறது, படித்தது மெக்கானிக்கல், கடல் வேலை பற்றி எதுவும் தெரியாது, இவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா, சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினேழு வருடமாகிறது. பேச்சு மூன்று நான்கு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். கடல் வேலையும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். எனக்குப் பழக நாளானது வேறொன்று.

அதற்கு முன் வேலையைப் பற்றிக் கொஞ்சம். உற்பத்திக் கப்பல் அலையோடு ஏறி இறங்கும், காற்றுக்கு நகரும். கடலடிக் கிணறு அசையாது. இரண்டுக்கும் நடுவே எண்ணெயைக் கொண்டுவரும் குழாய்தான் ரைசர். அது வளைந்து கொடுக்கவும் வேண்டும், உள்ளழுத்தத்தையும் வெளியே கடலின் அழுத்தத்தையும் தாங்கவும் வேண்டும். ஒரே பொருளால் அது முடியாது. அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டாத அடுக்குகளாகச் செய்கிறார்கள். பிரேசிலின் என்சோவா வயலில் 1977இலேயே இந்தக் குழாயை நம்பி மிதக்கும் உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

வந்ததும் ரைசரின் அசைவைக் கணக்கிடும் ஆர்காஃப்ளெக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மாடலைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். திரையில் ரைசர் வெறும் ஒரு கோடு. முதல் மாதத்திலேயே, பிரித்துப் போட்ட பழைய குழாய்த் துண்டு எங்காவது இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே துருப்பிடிக்காத எஃகுப் பட்டையை ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுச் சுற்றிய கார்கஸ் இருக்கும். விரலை விட்டால் ஒவ்வொரு வரியும் நெருடும். குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான், ஆனால் எண்ணெயை அடைத்து நிறுத்துவது அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை. அதற்கும் மேல் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுச் சுற்று. பிறகு இழுவிசையைத் தாங்கும் ஆர்மர் கம்பிகள், ஒரு அடுக்கு இடமாகவும் அடுத்தது வலமாகவும் சாய்ந்து ஓடும். கடைசியில் கடல்நீரைத் தடுக்கும் வெளியுறை. கையில் தொட்டுப் பார்த்த பிறகு அந்தக் கோடு கோடாகத் தெரியாது.

இரண்டு உறைகளுக்கும் நடுவே கம்பிகள் இருக்கும் இடத்தை ஆனுலஸ் என்போம். இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உள்ளுறை வழியாகக் கரியமில வாயுவும் நீராவியும் மெல்லக் கசிந்து அங்கே சேரும். வெளியுறை கிழிந்தால் கடல்நீரும் புகும். நனைந்த கம்பியின் களைப்பு ஆயுள், அதாவது அலையில் திரும்பத் திரும்ப வளைந்தும் உடையாமல் தாங்கும் காலம், மளமளவென்று குறையும். ஆகவே ஆனுலஸில் வெற்றிடம் ஏற்படுத்தி, அளந்து நைட்ரஜனை விட்டு, உள்ளே எவ்வளவு காலியிடம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். குறைந்திருந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் வந்த முதல் வருடம் அப்படியொரு சோதனை முடிவு என் மேசைக்கு வந்தது. கணக்கில் வர வேண்டிய காலியிடத்தில் கால்வாசிகூட இல்லை. கூட்டத்தில், அனுபவம் நிறைந்த மூத்த பொறியாளர், அளக்கும் கேஜ் சரியில்லாமல் இருக்கும், அடுத்த முறை பார்க்கலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பெரியவர் சொல்லிவிட்டார், வந்து நாலு மாதமான நான் என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொண்டேன். மறுவருடச் சோதனையிலும் அதே எண். ஆய்வில், ரைசர் கப்பலுக்குள் ஏறி வரும் ஐ-டியூப் என்ற நேர்க்குழாயின் வாயருகே வெளியுறை கிழிந்திருந்தது தெரிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ரைசரை முன்கூட்டியே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, “அன்றைக்கே உனக்குத் தெரிந்ததா? ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

நாம் மரியாதை என்று நினைத்து மௌனமாக இருந்தால், இங்கே அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் தவறு என்று சொல்லத் தேவையில்லை. “இந்த எண் எனக்கு ஒத்துவரவில்லை, இன்னொரு முறை பார்க்கலாமா?” என்றால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலாகவும் போடுங்கள்.

மூத்தவர்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடாது, தம்பி. பிரேசிலின் ஆழ்கடல் வயல்களில் ரைசரின் ஆர்மர் கம்பிகள் விரிசல் விட்ட விவகாரம் 2017 வாக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. கரியமில வாயு, தண்ணீர், இழுவிசை மூன்றும் கம்பியில் ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. தொழிலில் ஊறியவர்களே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அதனால் புதிதாக வந்தவர் கேட்கும் கேள்விக்கும் இங்கே இடமுண்டு.

கடலுக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். முன்னதாக, ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்கான பயிற்சியாக, ஹெலிகாப்டர் கூண்டு மாதிரி ஒன்றில் உட்கார வைத்து நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் வழியே வெளியே வர வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன். கூண்டு கவிழும்போதெல்லாம் தண்ணீருக்குள் என் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார்.