நசுக்க முடியாத ஓபியாய்டு மாத்திரை பாதுகாப்பானதா?

ஓரளவுக்குத்தான். ஓபியாய்டு என்பது அபின் வகை வலிநிவாரணி; அதன் நீண்டநேர மாத்திரை 12 மணி நேரமோ அதற்கு மேலோ சிறுகச் சிறுக மருந்தை வெளிவிடும். போதைக்காக நசுக்கி மூக்கில் உறிஞ்சினால் மொத்தமும் ஒரேயடியாக இரத்தத்தில் கலந்து மூச்சையே நிறுத்திவிடலாம். இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் ஓபானா இஆர் என்ற இவ்வகை மாத்திரை 2012-இல் கெட்டியான புது வடிவில் விற்பனைக்கு வந்தது. நடந்ததோ வேறு. மூக்கில் உறிஞ்ச முடியாதவர்கள் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். கெட்டிப்படுத்தச் சேர்த்த பாலிஎத்திலீன் ஆக்ஸைடு நேரே இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களைச் சிதைத்தது, சிலருக்குச் சிறுநீரகமும் பழுதானது. ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுண்டியில் 2015-இல் எச்ஐவி வேகமாகப் பரவியது. 2017 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஓபானா இஆரைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளச் சொன்னது. ஐந்தாண்டு தாமதம் என்றுதான் சொல்வேன். நசுக்காமல் முழுதாக விழுங்கினாலும் அளவு மீறினாலோ, மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தாலோ எந்தக் கெட்டி வடிவமும் காப்பாற்றாது.