சமோவா தாலாவுக்கும் போலந்து ஸ்லோட்டிக்கும் இடையிலான பழைய மாற்று விகிதங்களை எங்கே பார்ப்பது? இணைய வரைபடங்களை நம்பலாமா?

வரைபடம் காட்டும் கோடு தவறல்ல. ஆனால் அந்த விலையில் யாரும் பணம் மாற்றியிருக்க வாய்ப்பில்லை. தாலாவையும் ஸ்லோட்டியையும் நேரடியாக வாங்கி விற்கும் சந்தை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. டாலருக்கு எத்தனை தாலா, டாலருக்கு எத்தனை ஸ்லோட்டி என்று இரண்டையும் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் போடுகிறார்கள். வெளிநாட்டு பில்களைக் கணக்கில் ஏற்றுவது என் வேலை என்பதால் இப்படிப்பட்ட குறுக்கு விகிதங்களோடு அடிக்கடி மல்லுக்கட்டுகிறேன். அந்த இரண்டு விகிதங்களையும் தனித்தனியே பார்க்காதவரை கோடு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது பிடிபடாது.

ஆண்டு சராசரிகளைப் பாருங்கள். 2008இல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2.64 தாலா, 2.41 ஸ்லோட்டி. அதாவது ஒரு தாலா 91 குரோஷ் (நூறு குரோஷ் ஒரு ஸ்லோட்டி). 2022இல் டாலருக்கு 2.69 தாலா, 4.46 ஸ்லோட்டி, ஒரு தாலா 1.66 ஸ்லோட்டி. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் சமோவா நாணயம் எண்பது சதவீதம் வலுத்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் தாலா டாலருக்கு எதிராகச் சற்றே சரிந்துதான் இருக்கிறது. சரிந்து விழுந்தது ஸ்லோட்டி.

காரணம் இரண்டு நாடுகளின் ஏற்பாட்டில் இருக்கிறது. சமோவா மத்திய வங்கி, தன் வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்கள் அடங்கிய ஒரு கூடையோடு தாலாவைக் கட்டி வைத்திருக்கிறது. ஸ்லோட்டியோ 2000 ஏப்ரல் முதல் சந்தையின் போக்கில் மிதக்கிறது. 2008 ஜூலையில் ஒரு டாலர் இரண்டு ஸ்லோட்டியை ஒட்டி இருந்தது. உலக நிதி நெருக்கடி வெடித்தபின், 2009 பிப்ரவரியில் நான்கை நெருங்கிவிட்டது. 2022இல் பக்கத்து நாடான உக்ரைனில் போர் மூண்டபோதும் அடி ஸ்லோட்டிக்குத்தான். இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சமோவாவின் பொருளாதாரத்தில் விளக்கம் தேடுவது வீண் வேலை.

அதிகாரபூர்வமான எண் வேண்டுமென்றால் போலந்து தேசிய வங்கியின் இணையதளத்துக்குப் போங்கள். டாலர், யூரோ போன்றவற்றுக்கு 'ஏ' அட்டவணை ஒவ்வொரு வேலைநாளும் வருகிறது. தாலா இருப்பது 'பி' அட்டவணையில். அது வாரத்துக்கு ஒருமுறை, பொதுவாகப் புதன்கிழமை வெளியாகும். ஆகவே நாள்தோறும் ஓர் எண்ணைக் காட்டும் தளம் வேறெங்கிருந்தோ கணக்கிட்டுத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1995க்கு முன்னே போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று போலந்து நான்கு பூஜ்யங்களை வெட்டியது. 10,000 பழைய ஸ்லோட்டி 1 புதிய ஸ்லோட்டி ஆனது. 1990இல் அரசு நிர்ணயித்தது டாலருக்கு 9,500 ஸ்லோட்டி. அந்தக் கணக்கில் ஒரு தாலா நாலாயிரத்துக்கும் மேல். புதிய ஸ்லோட்டியில் சொன்னால் 40 குரோஷ் சொச்சம். பூஜ்யங்களைச் சரிசெய்யாத தரவில் 1995 ஜனவரியில் கோடு செங்குத்தாகக் கீழே விழும். அதைப் பொருளாதார அதிர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். 1990க்கு முந்தைய அதிகாரபூர்வ விகிதங்களை நான் பொருட்படுத்துவதே இல்லை. கள்ளச்சந்தையில் டாலர் அதைவிடப் பல மடங்கு விலை போனது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. வார்சாவில் வழக்கமான வேலைநாள், 'ஏ' அட்டவணையும் வெளியானது. சமோவாவில் அப்படியொரு நாளே கிடையாது. சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாண்டுவதற்காக வியாழனிலிருந்து நேரே சனிக்குப் போய்விட்டார்கள். இருந்தும் அந்தத் தேதிக்குத் தாலா விகிதத்தைக் கூசாமல் காட்டும் தரவுகள் இருக்கின்றன.

ஆய்வுக்கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்றால் ஆண்டு சராசரியே போதும். கணக்குப் பதிவுக்கு என்றால் 'பி' அட்டவணையின் எண்ணையும் தேதியையும் சேர்த்தே குறித்து வையுங்கள். உண்மையிலேயே பணம் அனுப்பியவரின் வங்கி அறிக்கை இந்த இரண்டோடும் பொருந்தாது. தாலா முதலில் டாலராகவோ நியூசிலாந்து டாலராகவோ மாறி, பிறகுதான் ஸ்லோட்டி ஆகிறது. இரண்டு இடத்திலும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.