ஹாட் டாக் சாசேஜும் போலோனாவும் ஒன்றா? தாத்தா – பேத்தி வழக்கில் ஒரு பதில்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஹாட் டாக் சாசேஜும் போலோனாவும் ஒன்றுதான், வெட்டியிருக்கும் விதம் மட்டும்தான் வேறு என்கிறார் என் மாமனார். சுவையே வேறாக இருக்கும்போது எப்படி ஒன்றாகும் என்று மல்லுக்கு நிற்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் இதே பட்டிமன்றம்தான். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சமையலில் போடலாமா? பொட்டலத்தைப் பிரித்தபின் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? வீட்டுக்கு வரும் நாத்தனார் மகனுக்கு மூன்று வயது. அவனுக்குக் கொடுக்கலாமா?"

போலோனா என்பது நைசாக அரைத்த இறைச்சியைப் பெரிய உருளையாக வேகவைத்து, மெல்லிய வட்டங்களாகச் சீவி ரொட்டிக்குள் வைப்பது; ஹாட் டாக் சாசேஜ் என்பது விரல்போல் மெலிந்த உருளை. உங்கள் மாமனார் சொல்வது ஏறக்குறைய முழுவதும் சரி. ஆனால் 'வெட்டியிருக்கும் விதம் மட்டும்தான்' என்கிறாரே, அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் உங்கள் மகளின் கட்சி வலுப்பெறுகிறது.

இரண்டும் ஒரே வகை இயந்திரத்தில்தான் உருவாகின்றன. அகன்ற கிண்ணம் ஒன்று மெதுவாகச் சுழல, அதற்குள் வளைந்த கத்திகள் மிக வேகமாகச் சுற்றும். முதலில் கொழுப்பு நீக்கிய இறைச்சியையும் உப்பையும் போடுவார்கள். உப்பு பட்டதும் தசையிலிருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வருகிறது. அரைபடும் கலவை பிசுபிசுப்பாகிறது. பிறகுதான் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். கரைந்த புரதம் ஒவ்வொரு கொழுப்புத் துணுக்கையும் மெல்லிய படலமாகச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. கத்திகளின் உராய்வில் சூடேறினால் கொழுப்பு இளகி இந்தப் பிடியிலிருந்து நழுவிவிடும். அதனால் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டித் தூளைக் கொட்டுகிறார்கள். பன்றி இறைச்சிக் கலவை என்றால் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

பக்குவமான கலவை வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் அப்பிவிட்டுக் கையைக் கவிழ்த்தாலும் விழாது. பக்குவம் தவறியது மணல் மணலாக உதிரும். அதை அப்படியே உறைக்குள் அடைத்து வேகவைத்தால் உறைக்கடியில் கொழுப்பு தனியாகத் திரண்டு நிற்கும். சரியாக அமைந்த கலவையை வேகவைக்கும்போது புரதப் படலம் இறுகி, கொழுப்பையும் நீரையும் உள்ளேயே சிறைப்பிடிக்கிறது. சாசேஜைக் கடிக்கும்போதும் போலோனாத் துண்டை மடிக்கும்போதும் தெரியும் அந்தச் சீரான, துளை இல்லாத, சற்றே துள்ளும் தன்மை இப்படி வந்ததுதான்.

இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணமும் இரண்டிலும் ஒன்றே. கலவையில் சேர்க்கும் சோடியம் நைட்ரைட்தான் வெந்த பிறகும் அந்த நிறத்தைக் காக்கிறது. இல்லையென்றால் வீட்டில் வேகவைத்த இறைச்சியைப் போலப் பழுப்பாகத்தான் இருக்கும். உயிரைக் கொல்லும் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராமல் தடுப்பதும் அதே நைட்ரைட்தான். 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை' என்று எழுதி, பொருள் பட்டியலில் செலரி என்ற கீரைத்தண்டின் பொடியைக் காட்டும் பொட்டலங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். செலரியில் இயற்கையாகவே இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அங்கேயும் பயன்படுத்துகிறார்கள்.

சட்டமும் தாத்தாவின் பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்க விவசாயத் துறையின் இறைச்சி விதிகளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் கிடையாது. ஃப்ராங்க்ஃபர்ட்டர், ஹாட் டாக், வியன்னா, போலோனா என்ற சாசேஜ் வகைகள் எல்லாவற்றையும் 319.180 என்ற ஒரே பிரிவில் அடக்கிவிட்டார்கள். கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கொழுப்பும் சேர்த்த நீரும் கூட்டினால் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் எல்லாவற்றுக்கும் பொது. மசாலாவில் மட்டும் கொஞ்சம் வேறுபாடு இருக்கும். சாசேஜில் பூண்டும் மிளகாய் வகையான பாப்ரிக்காவும் தூக்கலாக இருப்பதுண்டு. போலோனாவில் மல்லி, ஜாதிக்காய் வாசனை மேலோங்குவதுண்டு. ஆனால் இது ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. இதை வைத்து இரண்டையும் வேறு வேறு இனம் என்று பிரிக்க முடியாது.

அப்படியானால் பேத்தியின் நாக்கு பொய் சொல்கிறதா? இல்லை. ஒரே மண்ணில் வனைந்தாலும் குடத்தின் வேலை வேறு, சட்டியின் வேலை வேறு. இங்கே வடிவம் செய்கிற வேலை பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாசேஜின் குறுக்களவு சுமார் 25 மில்லிமீட்டர், போலோனா உருளையின் குறுக்களவு சுமார் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ கலவையை இந்த இரண்டு வடிவங்களிலும் அடைத்தால், சாசேஜின் வெளிப்பரப்பு போலோனாவைப் போல நான்கு மடங்கு. புகையூட்டி வேகவைக்கும்போது புகை படிவது வெளிப்பரப்பில்தான். ஆகவே சாசேஜின் ஒவ்வொரு வாயிலும் புகைமணம் இருக்கும். போலோனாவில் அது வட்டத்தின் விளிம்போடு நின்றுவிடும், நடுப்பகுதிக்கு எட்டாது.

தோலும் அப்படித்தான். சூட்டிலும் புகையிலும் சாசேஜின் மேற்பரப்புப் புரதம் இறுகி ஒரு தோல் உருவாகிறது. செல்லுலோஸ் உறையில் அடைத்த சாசேஜுக்கு வெந்தபின் அந்த உறையை இயந்திரமே உரித்துவிடும். இறுகிய மேற்பரப்புத்தான் நமக்குத் தோலாகத் தெரிகிறது. ஆட்டுக்குடல் உறையில் அடைத்தது என்றால் கடிக்கும்போது 'டக்' என்று தெறிக்கும். போலோனாவை வெந்தபின் வட்டம் வட்டமாகச் சீவிவிடுவதால் நாம் தின்பது முழுக்க உட்பகுதி.

வேகும் நேரமும் மாறுகிறது. ஒரே வெப்பத்தில் வைத்தால், நான்கு மடங்கு தடிமனான பொருளின் நடுவுக்குச் சூடு போய்ச்சேர ஏறத்தாழ பதினாறு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் சாசேஜ் சீக்கிரம் வெளியே வர, போலோனா பல மணி நேரம் வேகவைக்கும் அறையிலேயே கிடக்கிறது. இவற்றோடு, சாசேஜை நாம் சூடாகத் தின்கிறோம், போலோனாவைப் பெரும்பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ரொட்டிக்குள் வைக்கிறோம். குளிர்ந்த கொழுப்பு நாக்கில் கெட்டியாக, மந்தமாகத் தெரியும். இளகிய கொழுப்போ மணத்தை வாய் முழுக்கப் பரப்பும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஒரே வகை இறைச்சியில் செய்த சாசேஜும் போலோனாவும் வாங்குங்கள். சாசேஜின் தோலைச் சீவி எடுங்கள். போலோனாவின் விளிம்பையும் நீக்குங்கள். இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக்கி, ஒரே வாணலியில் சூடாக்கி, தாத்தாவுக்கும் பேத்திக்கும் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுங்கள். மசாலா வேறுபாடு இருந்தால் அது தெரியும். அதைத் தாண்டி எது எது என்று சொல்வது கடினம். இறைச்சி வகை வேறாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. கோழி சாசேஜையும் மாட்டிறைச்சி போலோனாவையும் வைத்துக்கொண்டு வாதாடினால் வழக்கு முடியவே முடியாது.

போலோனாவின் மூதாதை இத்தாலியின் போலோனா நகரத்து மோர்ட்டடெல்லா. அதில் அரைத்த கலவைக்குள் வெள்ளைக் கொழுப்புச் சதுரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி பதிந்திருக்கும். அமெரிக்க விதிப்படி செய்யும் போலோனாவில் அப்படித் தனியாகத் தெரியும் கொழுப்பு இருக்காது. அது மோர்ட்டடெல்லாவைவிட ஹாட் டாக்குக்குத்தான் நெருங்கிய சொந்தம். சலாமியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அசல் சலாமி கரடுமுரடாக அரைத்து, நொதிக்கவைத்து, வாரக்கணக்கில் உலர்த்தப்படுவது. ஆனால் சலாமி என்ற பெயரில் மென்மையாக, ஈரமாக, வேகவைத்து விற்கும் பொருள்கள் உண்டு. அவை செய்முறையில் போலோனாவின் பக்கம் சாய்பவை.

இனிச் சமையல். தாராளமாக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம். சூப், ஆம்லெட், பாஸ்தா என்று துண்டுதுண்டாகச் சேர்க்கும் எதிலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தடிமனான போலோனாத் துண்டு கிடைத்தால் விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய வட்டத்தை வாணலியில் போட்டால் விளிம்பு முதலில் சுருங்கி நடுப்பகுதி குடைபோல மேலே எழும்பிவிடும், ஓரம் கருகினாலும் நடுவில் நிறம் ஏறாது. நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு கீறல் போடுங்கள், வட்டம் சமமாகப் படுத்துக்கொள்ளும். சாசேஜைக் கொதிக்கும் நீரில் குதிக்கவிடாதீர்கள், வெடித்துச் சாறெல்லாம் நீரில் போய்விடும். நீர் கொதித்ததும் அடுப்பைக் குறைத்து, மெல்ல ஆவி வரும் சூட்டில் சில நிமிடம் வைத்தால் போதும். எதைச் சேர்த்தாலும் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். இரண்டிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வைத்திருக்கும் நாள் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்க விவசாயத் துறையின் பரிந்துரை இது: பிரிக்காத பொட்டலம் இரண்டுமே ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். பிரித்தபின் ஹாட் டாக் ஒரு வாரம், சீவிய போலோனா 3 முதல் 5 நாள் மட்டுமே. ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஃபிரீசரில் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை தரம் குன்றாது. சீவிய துண்டுகள் வெந்தபிறகு கத்தியைத் தொட்டு வந்தவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் திறந்திருக்கிறது. கிருமிக்கு அது வசதி.

'ஏற்கெனவே வெந்ததுதானே, அப்படியே தின்றால் என்ன' என்ற நினைப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகக் கூடியது. வாசனையிலோ நிறத்திலோ தன்னைக் காட்டிக்கொடுக்காது. 2017, 2018 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் 1,060 பேருக்கு இந்த நோய் உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். போலோனாவின் நெருங்கிய உறவான, அங்கே போலோனி என்று விற்கப்படும் சாசேஜ்தான் அதைப் பரப்பியது என்று கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளம் குழந்தைகள் ஏராளம். வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ, 65 வயது நிறைந்தவரோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தாலோ, சாசேஜானாலும் போலோனாவானாலும் ஆவி பறக்கும் வரை, அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை, சூடாக்கிய பிறகே தட்டில் வைக்க வேண்டும். உங்கள் மாமனாரின் வயதை நீங்கள் எழுதவில்லை. 65 ஆகிவிட்டதென்றால் அவருக்கும் இதுதான் விதி. பொட்டலத்தில் தேங்கியிருக்கும் நீர் மற்ற உணவிலோ பலகையிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'இரண்டில் எது உடம்புக்கு நல்லது' என்ற கேள்வி அடுத்து வரும். நல்லது என்று இரண்டில் எதையும் சொல்ல மாட்டேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சி முழுவதையும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. நாள்தோறும் தின்னும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. நூற்றில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்று இதற்குப் பொருளல்ல. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மீது 18 சதவீதம் கூடும். 50 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு சாசேஜ். எப்போதாவது ஆசைக்குத் தின்பதற்கும் தினமும் காலை உணவாக்குவதற்கும் உள்ள தூரம் அதிகம்.

மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிக் கேட்டீர்களே, இங்கேதான் பேத்தி முழுதாக ஜெயிக்கிறாள். ஹாட் டாக்கின் உருளை வடிவமும், அமுங்கி விரியும் தன்மையும் சிறு குழந்தையின் மூச்சுப்பாதையைத் தக்கைபோல இறுக அடைத்துவிடக் கூடியவை. குழந்தைகளுக்கு மூச்சடைப்பை உண்டாக்கும் உணவுகளில் ஹாட் டாக் முன்வரிசையில் இருப்பதால், அதன் வடிவத்தையே மாற்றியமைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010-இல் வற்புறுத்தியது. நான்கு வயது நிறையாத குழந்தைக்குச் சாசேஜை முழுதாகக் கொடுக்காதீர்கள். நாணயம் போல வட்டமாகவும் நறுக்காதீர்கள். அந்த வட்டம்தான் அடைக்கும். தோலை நீக்கி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு ஒவ்வொரு கீற்றையும் பொடிப்பொடியாக நறுக்குங்கள். போலோனா என்றால் சூடாக்கி ஆறவிட்டு, மெல்லிய துண்டைச் சிறுசிறு சதுரங்களாக்குங்கள். சுருட்டி உருளையாக்கிக் கையில் கொடுத்துவிட்டால் அதையும் ஹாட் டாக் ஆக்கியதாகிவிடும். எதைக் கொடுத்தாலும் குழந்தை உட்கார்ந்து தின்ன வேண்டும், வாயில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.