மலையில் ஓடும் பழைய மாருதி: கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது வீண் செலவா?

"என்னுடைய 1999 மாருதி 800-இல் இரண்டாவது கியர் கரகரவென்ற சத்தத்தோடு விழுகிறது. மெக்கானிக், பழைய கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்கிறார். வீட்டில் காரையே விற்கச் சொல்கிறார்கள். இருக்கிற பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தால் பலன் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசை தவறினால் பணம் போகும், சத்தம் போகாது. எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது கியர் முதலில் போயிருப்பதைப் பார்த்தால் ஏற்ற இறக்கமுள்ள ஊர் என்றுதான் தோன்றுகிறது. அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். எங்கள் வீட்டு மாருதி 1997-இல் அப்பா வாங்கியது. பச்சைத் தேயிலை விற்ற பணத்தில் வாங்கிய முதல் கார், இன்றுவரை ஒரே கார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை 1,400 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் கை இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் இடையிலேயே இருக்கும். நான்காவது கியரை மேட்டுப்பாளையம் தாண்டித்தான் நிம்மதியாகப் போட முடியும். சமவெளிக்காரர் ஒருவர் பல ஆண்டுகளில் இரண்டாவது கியருக்குக் கொடுக்கும் வேலையை நாங்கள் சில மாதங்களிலேயே கொடுத்துவிடுகிறோம். "என் காரும் அதே வருடத்துக் கார்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ யாராவது கருத்து எழுதும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காரில் தொல்லை மெதுவாகத்தான் தொடங்கியது. முதலில் மார்கழிக் காலைகளில் மட்டும் கியர் கனமாக விழுந்தது. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது உரசும் சத்தம். அதன்பின், இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்து நின்றது. மலையில் இது சத்தத்தைவிட மோசம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதே இன்ஜின்தான். கியர் கழன்றுவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. அந்த நிலைக்கு வந்துவிட்ட காரை "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம்" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், பெயர் வேண்டாம், வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல் "கியர் பாக்ஸ் போய்விட்டது, கோவை உக்கடத்தில் பழையது எடுத்துப் போட்டுவிடலாம்" என்றார்கள். எனக்கு ஆறவே இல்லை. நோயாளியின் கையைக்கூடத் தொடாமல் மருந்து எழுதினால் ஒப்புக்கொள்வோமா? அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, எஸ்டேட் ஜீப்களும் லாரிகளும் பார்த்துப் பழகிய ஒரு பட்டறைக்காரரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தாயா?"

அவர் செய்த சோதனைகளை அப்படியே தருகிறேன். கருவி எதுவும் வேண்டாம், வீட்டு வாசலிலேயே செய்யலாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக, எங்கோ சிக்கிக்கொள்வதுபோல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் லீவருக்கும் பாக்ஸுக்கும் இடையிலுள்ள கம்பியிலும் அதன் மூட்டிலுள்ள புஷ்ஷிலும் இருக்கும். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்றபடியே கிளட்சை முழுவதும் அழுத்தி, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கியர் விழும் முன் சுழலும் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ என்ற அமைப்பு ரிவர்ஸுக்குக் கிடையாது. அந்த நாலைந்து நொடியில் உள்ளே சுழல்வது நின்றிருக்க வேண்டும். அப்படியும் கரகரவென்றால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. கேபிளையோ கிளட்ச் பிளேட்டையோ பார்க்க வேண்டும். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து, ஓட்டத்தில் இரண்டாவது மட்டும் கரகரத்தால்தான் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்னொன்றும் கவனியுங்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது ஒரு முனகல் கேட்டு, கிளட்சை அழுத்தியதும் அது நின்றால், இன்ஜினின் சுழற்சியைப் பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் பக்கம் சந்தேகம் வைக்க வேண்டும்.

எங்கள் காரில் கம்பி, கிளட்ச், சிங்க்ரோ என மூன்று கோளாறும் சேர்ந்தே இருந்தன. கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்து, ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் உள்ளே போய் புஷ் ஆடிக்கொண்டிருந்தது. கிளட்ச் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இழை பிரிந்திருந்தது. இரண்டையும் மாற்றியதும் பாதிக் கனம் குறைந்தது. உங்களுக்கு அதோடு முடிந்துவிடவும் கூடும். முடிந்தால் மிகவும் மகிழ்ச்சி, பாக்ஸை இறக்கவே வேண்டாம். எங்களுக்கு உரசலும் கியர் கழல்வதும் அப்படியே இருந்தன. அதனால் இறக்கினோம்.

இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், கேபிள்கள், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் கழற்றி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, பாக்ஸைக் கீழ்வழியாக எடுப்பார்கள். அதற்கு முன் எண்ணெயை வடிக்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். வடிக்கும் திருகிலுள்ள காந்தத்தில் கறுப்பு மை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால் பல் உடைந்திருக்கிறது. எங்கள் காரில் காந்தம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெயை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்தபோது பொன்துகள் மிதப்பதுபோல் மினுமினுத்தது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அத்தனையும் சிங்க்ரோ ரிங்கிலிருந்து உதிர்ந்தது.

இந்த ரிங் செய்யும் வேலை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். கியரின் கூம்பு வடிவப் பகுதியின்மேல் ரிங் உரசி, வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகம் சமமாகும்வரை லீவரோடு நகர்ந்து கியரைப் பூட்டும் ஸ்லீவை உள்ளே விடாமல் தடுக்கிறது. ரிங்கின் உட்புறத்தில் மிக நெருக்கமான மெல்லிய வரிகள் இருக்கும். எண்ணெய்ப் படலத்தை அறுத்துக்கொண்டு கூம்பைப் பிடிப்பது அந்த வரிகள்தான். பட்டறைக்காரர் புது ரிங்கையும் எங்கள் காரின் இரண்டாவது கியர் ரிங்கையும் என் உள்ளங்கையில் வைத்து, நகத்தால் உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். புதியதில் நகம் வரிவரியாகத் தடுக்கியது. பழையதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ரிங்கைக் கூம்பின்மேல் அழுத்தி, ரிங்குக்கும் கியரின் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தில், சந்தை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். புது ரிங்கில் தடித்த தகடு தாராளமாகப் போனது. பழையதில் மெல்லிய தகடே திணறியது. சந்து மூடிக்கொண்டால் ரிங் எவ்வளவு அழுத்தினாலும் கூம்பைப் பிடிக்காது. அவ்வளவுதான் உங்கள் கரகரப்பின் ரகசியம்.

கியர் கழல்வதற்குக் காரணம் வேறு. ஸ்லீவின் பற்கள் முனை மழுங்கிப்போயிருந்தன. லீவரை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் சிறு இரும்புக் குண்டுக்குப் பின்னாலிருந்த ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மூடியிருந்தால் சத்தம் நின்றிருக்கும், கியர் கழல்வது நின்றிருக்காது. இதனால்தான் பிரித்த பாக்ஸை அரைகுறையாக மூடாதீர்கள் என்று சொல்கிறேன். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். நாங்கள் எல்லா ரிங்குகளையும், ஒன்று-இரண்டு கியருக்கான ஹப் (ஸ்லீவ் நகரும் நடுப்பகுதி), ஸ்லீவ் செட்டையும், அதிலுள்ள சாவிகள் என்ற சிறு உலோகத் துண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும், பேரிங்குகளையும், இரண்டு பக்க ஆயில் சீல்களையும் ஒரேயடியாக மாற்றினோம். கியர்களின் பற்கள் நன்றாக இருந்ததால் அவற்றைத் தொடவில்லை. மொத்தச் செலவு, காருக்குப் புது டயர்கள் போடும் செலவைவிடக் கொஞ்சம் அதிகம். அதற்காகவா காரை விற்பது?

நீங்கள் பட்டறையில் வற்புறுத்த வேண்டியவை சில உண்டு. பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்ற விடாதீர்கள். பிரஸ் உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். எந்த ரிங் எந்தக் கியரினுடையது என்பது மாறக்கூடாது. புது ரிங்கை எண்ணெயில் நனைத்துத்தான் மாட்ட வேண்டும். ரிங்கிலுள்ள மூன்று வெட்டுகளும் மூன்று சாவிகளுக்கு நேராக உட்கார வேண்டும். பாகம் வாங்கும்போது அட்டைப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். அசல் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் போலி ரிங் விற்கிறார்கள். எங்களுக்கு முதலில் வந்த ரிங்கின் உட்புற வரிகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருந்தன. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் வாங்கினோம்.

பழைய கியர் பாக்ஸ் வாங்கச் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ விற்கிறவர்கள் எல்லாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல பாக்ஸ் கிடைத்தவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பாக்ஸ் எண்ணெய் இல்லாமல் எத்தனை தூரம் ஓடியது, யார் கையில் ஓடியது என்று விற்கிறவருக்கே தெரியாது. மாருதி 800-இல் நான்கு கியர், ஐந்து கியர் என இரண்டு வகையும் வந்திருக்கின்றன; கைக்கு வருவது உங்கள் காரின் வகைதானா என்றும் பார்க்க வேண்டும். அதோடு, அந்தப் பாக்ஸுக்குள் இருப்பதும் பழைய ரிங்தான். உங்கள் பாக்ஸின் வரலாறு உங்களுக்குத் தெரியும். தெரிந்த பாக்ஸைச் சரிசெய்யுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நான் ஊற்றுவது ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெய், தடிமன் 80டபிள்யூ-90. ஜிஎல்-5 எண்ணெயில் அதிக அழுத்தத்துக்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதல். அது பித்தளை ரிங்குக்கு ஆகாது என்பதும், வழுக்கல் கூடி சிங்க்ரோவின் பிடிப்பைக் குறைக்கும் என்பதும் பல காலமாகச் சொல்லப்படுவது. இப்போதைய ஜிஎல்-5 பித்தளையை அரிக்காது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. டப்பாவில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் எனக்கு அந்த வாதமே தேவையில்லை. எண்ணெய் மாற்றினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் கேள்விக்கு வந்த ஒரு பதிலில் பார்த்தேன். தேய்ந்த பித்தளை எந்த எண்ணெயிலும் வளர்வதில்லை.

"ஏர்பேக் இல்லாத காருக்கு ஏன் செலவு?" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்விதான், நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவருக்கு நானே வேறு கார் வாங்கச் சொல்வேன். மலைச்சாலையில் மெதுவாக ஏறி இறங்கும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு வேறு. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் அதன் நட்டு போல்ட்டுவரை தெரிந்த கைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. அதையும் கட்டித்தான் ஓட்டுகிறோம். ஓட்ட உரிமை உள்ள காரை ஒழுங்காக ஓடும்படி வைத்திருப்பது ஆடம்பரம் ஆகாது.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது வெறும் மரியாதை அல்ல, சாலை விதி. சீசனில் வரும் பெரிய கார்கள் இதை மதிப்பதே இல்லை. போன கோடையில் அம்மாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும்போது, கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பிய நிலையில் எதிரே இறங்கிய ஒரு கார் விளக்கை அடித்துக்கொண்டே முன்னால் வந்து நின்றது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி முதல் கியரில் நகர்த்தும்போது கிளட்சும் கியரும் படும் பாடு, அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? பின்னால் ஒரு பஸ் வேறு. அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். 2024 மே முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கேட்கிறார்கள். அதோடு இந்த ஒரு விதியையும் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினால் உள்ளூர்க்காரர்கள் பிழைப்போம். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையிலுள்ள கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறுகிறவனை நிறுத்திவைப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டியவர் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். பாக்ஸை ஏற்றிய பின் முதல் சில நூறு கிலோமீட்டர் கியரை அவசரமாக இழுக்காதீர்கள். புது ரிங் கூம்போடு பழகட்டும். பிறகு ஒருமுறை எண்ணெயை வடித்துப் பார்த்து மாற்றிவிடுங்கள். அளவுத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை ஊற்ற வேண்டும். வேலை தொடங்கும்வரை காரை எடுத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டுக்கு இறக்கும்போது கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு, மறுபடி கிளட்சை அழுத்திக் கியர் போடுங்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் எல்லாரும் இப்படித்தான் ஓட்டினார்கள், அப்பாவும் அப்படித்தான் சமாளித்தார். இது உரசலுக்கு மட்டும்தான். கியர் கழல்கிறது என்றால் இறக்கத்தில் காரை எடுக்கவே வேண்டாம்.

முதலில் அந்த ரிவர்ஸ் சோதனையைச் செய்து, சத்தம் வந்ததா இல்லையா என்று கருத்தில் எழுதுங்கள். இறக்கத்தில் லீவர் துள்ளுகிறதா என்பதையும் சேர்த்து எழுதினால், பாக்ஸை இறக்க வேண்டுமா, கேபிளோடு முடியுமா என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.