கார் மாடலில் கிளியர் கோட்: ஆரஞ்சுத் தோல் ஏன் வருகிறது, மடிப்பில் நிறம் ஏன் போகிறது

கேள்வி: 1/24 கார் மாடலுக்கு லேக்கர் கிளியரை (நிறத்தின் மேல் அடிக்கும், கரைப்பான் ஆவியாகிக் காயும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) ஸ்ப்ரே கேனில் மூன்று கோட் அடித்தேன். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கிறது. 2000 வாட்டர் பேப்பரால் தேய்த்தால் பானெட் மடிப்பில் நிறம் போய் அடிப்பூச்சு தெரிகிறது. கண்ணாடி மாதிரி பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது?

பதில்:

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். கிளியர் ஈரமாக விழவில்லை. ஈரமாக விழாததால் தானாகப் பரவவில்லை. பரவாததைத் தேய்த்துச் சமப்படுத்தப் போனீர்கள், அந்தத் தேய்ப்பைத் தாங்கும் தடிமன் மடிப்பில் இல்லை. ஆகவே பாலிஷ் பற்றிப் பேசுவதற்கு முன் அடிக்கும் முறையைப் பேச வேண்டும். நன்றாக அடித்த கிளியருக்குத் தேய்ப்பு மிகக் கொஞ்சம் போதும்.

இன்னும் கொட்டினால் இன்னும் மினுங்கும் என்று நினைத்து ஆறு ஏழு கோட் அடிப்பவர்கள் உண்டு. நிஜக் காரின் கிளியர் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். மாடலில் 50 மைக்ரான் அடித்தால், 24 மடங்குக் கணக்கில் அது 1.2 மில்லிமீட்டர். கதவுக் கோடுகள் தூர்ந்து, கார் சர்க்கரைப்பாகில் முக்கி எடுத்தது போலத் தெரிவது இதனால்தான். கிளியரின் அளவு கூடினால் மினுக்கம் கூடிவிடாது. பரப்பு சமமாக இருந்தால்தான் எதிரொளிப்பு உடையாமல் வரும்.

அடியில் இருக்கும் நிறப்பூச்சு சொரசொரப்பாக இருந்தால் கிளியர் அதை மறைக்காது, கண்ணாடி வைத்துக் காட்டியது போலப் பெரிதாக்கிக் காட்டும். சாதா நிறமென்றால் கிளியருக்கு முன் 3000 தாளால் (எண் கூடக் கூடத் தாள் மென்மை) நீர் விட்டு மெல்லத் தடவிச் சமப்படுத்தலாம். மெட்டாலிக் நிறத்தைத் தேய்க்கவே கூடாது. மேலே இருக்கும் அலுமினியத் துகள்கள் வெட்டுப்பட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அதன் மேல் நேராகக் கிளியர் அடித்து, கிளியரை மட்டும் தேய்க்க வேண்டும். எனாமல் நிறத்தின் மேல் லேக்கர் கிளியர் வேண்டாம். லேக்கரின் கரைப்பான் எனாமலைக் கிளப்பிச் சுருக்கிவிடும்.

டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியிருந்தால் குறைந்தது ஒரு முழு நாள் காயட்டும். டீகால் படிவதற்குப் போட்ட திரவத்தின் கறையை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், விட்டால் கிளியருக்கு அடியில் அழியாத வளையமாக நின்றுவிடும். டீகாலுக்கு அடியில் வெள்ளியாகக் காற்று தெரிந்தால் அதையும் இப்போதே ஊசியால் குத்தித் திரவம் விட்டுப் படிய வையுங்கள். கிளியர் விழுந்த பிறகு அதற்கு வழியில்லை.

எந்தக் கிளியர் என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். டாமியா டிஎஸ்-13 கேனும், மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100, டாமியா எல்பி-9 போன்ற பாட்டில் லேக்கர்களும் நன்றாகப் பாலிஷ் ஆகும். டிஎஸ்-13இன் கரைப்பான் காரமானது. முதல் கோட்டையே நனைய அடித்தால் டீகால் சுருங்கும், சில சமயம் கரையும். டாமியா எக்ஸ்-22 அக்ரிலிக் டீகாலுக்கு மென்மையானது, ஆனால் படலம் மிருதுவாக இருப்பதால் லேக்கர் அளவுக்குக் கூர்மையான பளபளப்பைத் தராது. ஹார்டனர் கலக்கும் இரு பாக யூரிதேன் கிளியர்தான் எல்லாவற்றிலும் கடினமானது, மினுக்கமும் அதிகம். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த முகமூடி, கையுறை, வெளியேற்று விசிறி இவை இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். லேக்கருக்கும் முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.

ஏர்பிரஷ் (அழுத்தக் காற்றால் பூச்சைத் தூவும் சிறு கருவி) இருந்தால் கட்டுப்பாடு கைக்குள் வரும். ஜிஎக்ஸ்100க்கு அதே வரிசையின் லெவலிங் தின்னரை 1:1 அளவில் சேர்த்துத் தொடங்குங்கள், கடைசிக் கோட்டுக்கு 1:1.5 வரை போகலாம். அந்தத் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் இருப்பதால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவ நேரம் கிடைக்கிறது. 0.3 முதல் 0.5 மி.மீ. முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், 10 முதல் 12 செ.மீ. தூரம். கேன் என்றால் 15 முதல் 20 செ.மீ. போதும். உங்களுக்கு ஆரஞ்சுத் தோல் வந்ததற்குப் பெரும்பாலும் தூரம்தான் காரணம். 30 செ.மீ. தள்ளி நின்று அடித்தால் துளி காற்றிலேயே பாதி காய்ந்து, உருண்டையாகவே போய் ஒட்டிக்கொள்ளும். கேன் குளிர்ந்திருந்தாலும் துளி பெரிதாக வரும். கேனை வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாமல், ஐந்து நிமிடம் வைத்து நன்றாகக் குலுக்குங்கள். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது, கேன் வெடிக்கும்.

முதல் இரண்டு கோட் பனி படிவது போல. முழுதாக மினுங்க வேண்டியதில்லை, டீகாலைக் கரைப்பானிடமிருந்து காப்பதும் அடுத்த கோட்டுக்குப் பிடிமானம் தருவதும்தான் இவற்றின் வேலை. நடுவில் 10 முதல் 15 நிமிட இடைவெளி. மூன்றாவது பாதி ஈரம். அரை மணி நேரம் கழித்து நான்காவது, தேவையானால் ஐந்தாவது, முழு ஈரக் கோட். இந்த ஈரக் கோட்டைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். விளக்கின் பிம்பம் விழும் கோணத்தில் மாடலைப் பிடித்து, பிரஷ் கடந்து போன இடத்தையே பாருங்கள். புள்ளியாக விழுந்தது ஒரு நொடியில் கூடிக் கண்ணாடியானால் வேகம் சரி. புள்ளி அப்படியே நின்றால் கை வேகமாகப் போகிறது, அல்லது தின்னர் குறைவு. ஓரத்தில் தடித்த கரை கட்டினால் கை மெதுவாகிவிட்டது, அடுத்த நொடி வழியும். விசையை மாடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மாடலைக் கடந்த பிறகே விட வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் பாதியளவு மூடட்டும். முதலில் பக்கங்களும் ஜன்னல் தூண்களும், கடைசியில் பானெட்டும் கூரையும். வரிசை மாறினால், பக்கவாட்டில் அடிக்கும்போது பறக்கும் உலர்துளி ஏற்கெனவே பளபளத்த கூரையில் போய் உட்கார்ந்து சொரசொரப்பாக்கும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூர்மையான மடிப்புகளில் ஈரப் பூச்சு நிற்காது. பரப்பு இழுவிசை அதை இரு பக்கமும் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மற்ற இடத்தைவிட மடிப்பில் எப்போதும் படலம் மெல்லியது. உங்கள் பானெட்டில் நடந்தது அதுதான். பனிக் கோட் அடிக்கும்போதே மடிப்புகளின் மேல் மட்டும் கூடுதலாக இரண்டு முறை ஓட்டிவிடுங்கள். பனிக் கோட் நகராது, விழுந்த இடத்திலேயே தங்கும்.

ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் லேக்கர் அடிக்காமல் இருப்பது நல்லது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கிப் பால் போல வெளுக்கிறது. வெளுத்துவிட்டால் பதற வேண்டாம், உலர்ந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் பனியாக ஒரு முறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஊசிமுனைக் குமிழ்கள் வந்தால், மேலே தோல் கட்டிய பிறகு அடியிலிருந்த கரைப்பான் வெடித்து வந்திருக்கிறது. கோட்டைக் கனமாக அடித்து, இடைவெளியைக் குறைத்ததன் விளைவு. வழிந்த இடத்தை ஈரத்தில் தொடாதீர்கள், தூசியையும் அப்படியே. அடித்ததும் சுத்தமான பெட்டியால் மூடி வையுங்கள்.

இப்போது காத்திருப்பு. லேக்கர் பத்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் உள்ளே கரைப்பான் நாட்கணக்கில் இருக்கும். சீக்கிரம் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அன்று அருமையாக இருக்கும், மூன்று வாரத்தில் படலம் சுருங்கி அடியிலிருந்த கீறலும் டீகால் விளிம்பும் மேலே எழும்பித் தெரியும். ஒரு வாரம் குறைந்தபட்சம். மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள், தின்னர் வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை. இரு பாகக் கிளியர் வேதிமுறையில் இறுகுவதால் ஒன்றிரண்டு நாளில் தேய்க்கலாம்.

தேய்ப்பதற்கு முன் பார்த்து முடிவெடுங்கள். பரப்பு ஏற்கெனவே சமமாக இருந்தால் தாளே வேண்டாம், நேராகக் காம்பவுண்டுக்கு, அதாவது பாலிஷ் பசைக்கு, போகலாம். இலேசான ஆரஞ்சுத் தோலுக்கு 3000இல் தொடங்குங்கள். 2000 என்பது வழிசல், தடித்த தூசி இருக்கும் இடத்துக்கு மட்டும். துணி அல்லது ஸ்பாஞ்ச் முதுகு கொண்ட மைக்ரோமெஷ் வகையின் எண்கள் வேறு கணக்கு. அதில் 1500 என்றிருப்பது சாதாரண 1500 தாளைவிட மிகக் கரடானது. இதை அறியாமல் மாடலைக் கெடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

தொடங்குமுன் மடிப்பு, வளைவு விளிம்பு, கதவுக் கோட்டின் ஓரம் எல்லாவற்றிலும் ஒரு மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். தாளை இரண்டு செ.மீ. துண்டாக வெட்டி, மெல்லிய ஸ்பாஞ்சின் மேல் வைத்து, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்ட நீரில் நனைத்து, தாளின் எடையே போதும் என்ற அளவில் தேயுங்கள். விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் விழும். வட்டமாக அல்ல, நேர்கோட்டில். அடுத்த எண்ணுக்கு மாறும்போது திசையைக் குறுக்காக மாற்றினால் பழைய கீறல் தீர்ந்ததா என்று பார்த்தவுடனே தெரியும். பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து உலர்த்திப் பாருங்கள், ஈரப் பரப்பு எப்போதும் பளபளப்பாகத்தான் தெரியும், அது ஏமாற்று. உலர்ந்ததும் தேய்ந்த இடம் மங்கலாகவும், தாள் எட்டாத பள்ளம் மினுங்கும் புள்ளியாகவும் தெரியும். புள்ளிகள் எல்லாம் மறைந்த கணத்தில் நிறுத்துங்கள். வடியும் நீர் பால் வெள்ளையாக இருக்கும்வரை கிளியர்தான் போகிறது. அதில் காரின் நிறம் ஒரு துளி தெரிந்தாலும் கையை எடுங்கள். மேலே போகப் போக 4000, 6000, 8000. ஒவ்வொன்றுக்கும் முந்தையதன் கீறலை எடுப்பது மட்டுமே வேலை, நேரம் குறைந்துகொண்டே போகும். எல்லாம் முடிந்த பிறகு டேப்பை எடுத்து, மடிப்பை 8000 தாளால் இரண்டே முறை தடவினால் போதும்.

உங்களுக்கு ஏற்கெனவே போய்விட்ட மடிப்பில் அதே நிறத்தை ஏர்பிரஷால் பனியாக விட்டு, காய்ந்ததும் முழு பானெட்டுக்கும் கிளியர் அடியுங்கள். பொட்டு வைத்தது போல அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் ஓரம் காட்டிக்கொடுக்கும்.

காம்பவுண்டில் டாமியாவின் மூன்று வகை போதுமானது: சிவப்பு மூடி கரடு, நீல மூடி மென்மை, வெள்ளை மூடி இறுதி. 6000 தாண்டித் தேய்த்திருந்தால் சிவப்பைத் தவிர்த்துவிட்டு நீலத்தில் தொடங்கலாம். மிளகளவு போதும். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, கலந்தால் கரட்டுத் துகள் இறுதிப் பாலிஷில் கீறும். இரண்டு மூன்று செ.மீ. பகுதியாக எடுத்து, காம்பவுண்ட் மெல்லியதாகித் தெளியும் வரை தேயுங்கள். சுழலும் கருவிகள் வேண்டாம். பெரும்பாலானவற்றின் குறைந்த வேகமே லேக்கரைச் சூடாக்கி இளக்கிவிடும்.

பாலிஷ் முடிந்ததும் கோடுகளுக்குள் காம்பவுண்ட் வெள்ளையாக அடைந்திருக்கும். இளஞ்சூடான சோப்பு நீரும் மிருதுவான பல்துலக்கும் பிரஷும் அதை எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் பேனல் கோட்டுக்கு நிறம் விடுவதும், ஜன்னல் ஓரத்துக்கு உலோகத் தகடு ஒட்டுவதும். தகட்டின் மேலோ குரோம் பூச்சின் மேலோ கிளியர் பட்டால் கண்ணாடித்தன்மை போய்ச் சாம்பலாகிவிடும். மெழுகு கடைசி. மெழுகு போட்ட பரப்பில் மறுபடி கிளியர் பிடிக்காது, மீன்கண் போல விலகும். விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, முத்திரைகள் ஒட்ட சூப்பர் பசை வேண்டாம், அதன் ஆவி பாலிஷ் செய்த பரப்பில் வெண்புகையாகப் படியும். தெளிவாகக் காயும் வெள்ளைப் பசை போதும், வழிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.