பேட்டரிப் பட்டறை இருந்த மனையில் கீரை போடலாமா?

கேள்வி: எங்கள் வீடு அம்பத்தூரில். பக்கத்து மனையில் முன்பு பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்ததாம். ஒரு வருடமாக அங்கே அரைக்கீரை, முள்ளங்கி, கத்தரி போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். மண்ணில் ஈயம் இருக்கும் என்று மருமகள் கீரையைத் தொடுவதே இல்லை. இரண்டரை வயதுப் பேத்தி என்னோடு தோட்டத்திலேயேதான் கிடப்பாள், அவ்வப்போது மண்ணை வாயில் போடுவாள். நன்றாக அலசி வேகவைத்தால் போதாதா?

பதில்: போதாது அம்மா. மருமகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கீரையைவிட, போகிற போக்கில் நீங்கள் சொன்ன விஷயம்தான் பெரிதாகப் படுகிறது: பேத்தி மண் தின்கிறாள்.

ஈயம் மட்காது. மழையில் ஆழத்துக்கும் அவ்வளவாக இறங்காது, மேல்மண்ணிலேயே பல பத்தாண்டுகள் ஒட்டிக்கிடக்கும். பட்டறை எப்போதோ மூடியாயிற்றே என்று ஆறுதல் கொள்ள முடியாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பில் சேர்வது சுமார் பத்தில் ஒரு பங்கு. சின்னக் குழந்தையின் குடல் பாதி வரைகூட உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தோ சுண்ணாம்புச்சத்தோ குறைந்திருந்தால் இன்னும் மோசம். மண் தின்னும் குழந்தைகளில் பலருக்கு இரும்புச்சத்துதான் குறைவாக இருக்கும்.

அதனால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஹீமோகுளோபினோடு இரத்தத்தில் ஈய அளவும் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் ஒட்டிய தூசியே கணக்கைக் கெடுத்துவிடும், கையில் இரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுப்பது நல்லது. வயிற்று வலி, மலச்சிக்கல் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எந்த அறிகுறியும் இல்லாமலே படிப்பும் கவனமும் பாதிக்கப்படலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-ஐத் தொட்டால்தான், அதுவும் மருத்துவமனையில்தான். நச்சு நீக்கும் பொடி என்று எதையும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கீரைக்கு வருவோம். ஈயத்தைச் செடி வேர் வழியாக அதிகம் இழுக்காது. இலையில் படியும் புழுதியும் முள்ளங்கித் தோலில் ஒட்டிய மண்ணும்தான் முக்கிய வழி. அந்தப் பங்கை அலசியும் தோல் சீவியும் குறைக்கலாம். ஆனால் மண்ணில் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகமும் இருந்தால் அதைக் கீரை தாராளமாக இழுத்து இலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அங்கே அலசல் பலிக்காது. எந்த உலோகமும் கொதிக்கவைத்தால் அழியாது. கத்தரி, வெண்டை போன்ற காய்களில் ஈயம் பொதுவாகக் குறைவாகவே சேரும். இருந்தாலும் மண்ணைச் சோதிக்கும்வரை அந்த மனையில் விளைந்தது எதுவும் அடுப்படிக்கு வேண்டாம்.

வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் பார்ப்பார்கள். ஈயம், காட்மியம் பார்க்கவேண்டும் என்று தனியாகக் கேட்கவேண்டும். நாலைந்து இடத்தில் மேல்மண் எடுத்துக் கொடுங்கள். அதுவரை கீரை ஆசைக்கு மொட்டைமாடியில் பைகள் வைத்து, வெளியிலிருந்து வாங்கிய மண்ணில் போடுங்கள். அந்த மனை மண்ணை மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள்! வெறும் தரையைத் தழையால் மூடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும், வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு வருடமாக மண்ணில் கை வைத்தவர் நீங்கள், நீங்களும் அந்த டெஸ்ட்டைச் செய்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஈயம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். அப்புறம், மருமகள் கர்ப்பமாக இருந்தாலோ அந்த எண்ணம் இருந்தாலோ அவருக்கும் பார்த்துவிடுங்கள். தாய் இரத்தத்தில் இருக்கும் ஈயம் கருவுக்கும் போகும்.