சர்ஜனிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

கேள்வி: அம்மாவுக்குத் தைராய்டு சுரப்பியை ஆபரேஷன் செய்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சர்ஜனின் பெயருக்குப் பின்னால் ஏழெட்டுப் பட்டங்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: முதலில் அடிப்படைப் பயிற்சியைக் குறிக்கும் பட்டத்தைத் தேடுங்கள். எம்.எஸ்., எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்றாண்டுப் பயிற்சி. எம்.சிஎச்., பெரும்பாலும் அதற்கும் மேலே ஒரே துறையில் இன்னும் மூன்றாண்டு. எம்.ஆர்.சி.எஸ். என்பது பிரிட்டன் முறையில் பயிற்சியின் தொடக்கக் கட்டத்தில் எழுதும் தேர்வு. அது மட்டும் இருந்தால் ஒருவர் முழு சர்ஜன் ஆகிவிட்டார் என்று பொருள் இல்லை. இன்று துறையின் பெயரோடு சேர்த்துத் தரப்படும் எஃப்.ஆர்.சி.எஸ்., பயிற்சி முடியும் தறுவாயில் எழுதுவது. எஃப்.ஏ.சி.எஸ். அமெரிக்க அறுவை மருத்துவர் அமைப்பின் உறுப்பினர் தகுதி. விசாரித்துத்தான் தருகிறார்கள், ஆனாலும் அது படிப்பு அல்ல.

மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய சொல் ‘ஃபெல்லோஷிப்’. ஓராண்டு, ஈராண்டு ஒரு மூத்த சர்ஜனோடு நின்று நூற்றுக்கணக்கான ஆபரேஷன்களில் கைபழகியதும் ஃபெல்லோஷிப்தான். சில நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியதும் ஃபெல்லோஷிப்தான். எத்தனை மாதம், எந்த ஆபரேஷனில், பார்த்தது மட்டுமா, செய்ததுமா என்று கேளுங்கள்.

தைராய்டைப் பொறுத்தவரை பட்டம் மட்டுமே முடிவைச் சொல்லிவிடாது. பொது அறுவை சர்ஜன், நாளமில்லாச் சுரப்பி சர்ஜன், காது மூக்கு தொண்டை சர்ஜன், புற்றுநோய் சர்ஜன் எல்லோருமே இதைச் செய்கிறார்கள். வித்தியாசத்தை உண்டாக்குவது எண்ணிக்கை. அமெரிக்க நோயாளிகளின் தரவை வைத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு 25-க்கு மேல் முழுத் தைராய்டு நீக்கம் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. காரணம் உடற்கூறிலேயே இருக்கிறது. குரல் நாண்களை இயக்கும் நரம்பு சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பருப்பளவில் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கொழுப்பிலிருந்து பிரித்து அடையாளம் காண்பது கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டிய வேலை. நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கரகரக்கும்; பாராதைராய்டு போனால் கால்சியம் இறங்கி விரல்களும் உதடும் மரத்துப்போகும். ஆகவே அம்மாவின் சர்ஜனிடம் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குரல் நாண்களைப் பரிசோதிப்பீர்களா? கழுத்துக்குள் ரத்தம் கசிந்து மூச்சை அடைத்தால், அன்றிரவு உடனே திறந்து பார்க்க யார் இருப்பார்கள்? இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது.

கேள்வி: டாக்டர் உண்மையிலேயே பதிவு பெற்றவரா என்று நாமே சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். மருத்துவரின் மருந்துச் சீட்டில் பதிவு எண்ணைப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவது நல்லது. நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், எழுத்துக்கூட்டலும் மாறும். இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் பட்டியலும் மாநில மருத்துவ கவுன்சில் பட்டியல்களும் இருக்கின்றன. ஒன்றில் காணவில்லை என்றால் மற்றதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிரிட்டனில் பொது மருத்துவ கவுன்சிலின் பதிவேடு. அங்கே சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்பதும், பணி செய்ய ஏதாவது நிபந்தனை விதிக்கப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். சிங்கப்பூரிலும் சிறப்பு மருத்துவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. மேற்படிப்பும் பதிவாகியிருக்கிறதா, அந்தத் துறையும் உங்கள் ஆபரேஷனும் ஒன்றா என்று பாருங்கள். அழகுக்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன்களில் இது மிக முக்கியம். ‘காஸ்மெட்டிக் சர்ஜன்’ என்ற பெயரை வைத்துக்கொள்ள, முழுமையான பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சி கட்டாயம் என்ற சட்டம் எல்லா நாட்டிலும் இல்லை.

கேள்வி: “எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: தயங்காதீர்கள். கேட்கும் விதம் மட்டும் முக்கியம். “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால் இருபது வருடக் கணக்கு வரும். “இதே ஆபரேஷனைப் போன வருடம் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். மெடிகேர் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள நோயாளிகளின் 8 வகை இதய, ரத்தக்குழாய், புற்றுநோய் ஆபரேஷன்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், அதிகம் செய்யும் சர்ஜன்களிடம் எட்டிலுமே இறப்பு குறைவு. கணையத்தில் அந்த இடைவெளி மிகப் பெரிது, நுரையீரலில் சிறிது. குடலிறக்கம் போன்ற சாதாரண ஆபரேஷனுக்கு ஊர் ஊராகத் தேடி அலைய வேண்டியதில்லை. கணையம், உணவுக்குழாய் என்றால் தூரம் போவது தகும்.

அடுத்து, “உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?” என்று கேளுங்கள். புத்தகத்தில் இருக்கும் சதவீதத்தைச் சொன்னால், “உங்கள் அனுபவத்தில்?” என்று மரியாதையாகத் திரும்பக் கேட்கலாம். “ஒன்றுமே வந்ததில்லை” என்பதுதான் நம்மைக் கவலைப்பட வைக்கும் பதில். நிறையச் செய்தவர் எவருக்கும் ஒரு சிக்கலாவது வந்திருக்கும். வந்தபோது என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பக்குவம் தெரியும். லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) என்றால், எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு வயிற்றைத் திறப்பார் என்றும் கேளுங்கள். அப்படித் திறப்பது தோல்வி அல்ல. பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளம் எது என்று தெளிவாகத் தெரியாத நிலையில் தொடர்ந்து வெட்டுவதுதான் ஆபத்து.

கடைசியாக, முக்கியமான பகுதியை அவரே செய்வாரா, பயிற்சி மருத்துவர் செய்வாரா, அதே நேரத்தில் இன்னொரு தியேட்டரிலும் அவருக்கு ஆபரேஷன் இருக்கிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர் செய்வது தவறல்ல. உங்களுக்குச் சொல்லாமல் செய்வதுதான் தவறு.

கேள்வி: இணையத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவரை நம்பலாமா?

பதில்: காத்திருந்த நேரம், பேச்சு, வரவேற்பு இவற்றுக்கு அது சாட்சி. மயக்கத்தில் இருந்த நோயாளியால் தையலுக்கு மதிப்பெண் போட முடியாது. அதே மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவரையோ தியேட்டர் நர்ஸையோ தெரிந்திருந்தால், “உங்கள் வீட்டில் ஒருவருக்கென்றால் யாரிடம் போவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இத்தனையும் விசாரிக்க நேரமே இல்லை என்றால்?

பதில்: அப்படியானால் விசாரிக்க வேண்டாம். பையனுக்கு விதைப்பை திடீரென்று வலித்து வீங்கினால், உள்ளே விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அந்த முறுக்கை விடுவிக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவு, குடல் ஓட்டை இவையும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கும், 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனைக்குப் போனில் அழைத்து, சர்ஜனும் மயக்கவியல் மருத்துவரும் இந்த நேரத்தில் இருக்கிறார்களா, ரத்தம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.